கோழிக்கால் குறி

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எழுத்து தெரியாதே தவிர, குறி தெரியும். மதுரையில் ஒரு காலேஜ் ஆஸ்டலுக்கு நான் துணி வெளுத்தேன். எழுபது பையன்கள் இருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு கழுதைப் பொதி துணி வரும். எது யாருடையது என்பதில் ஒரு நாளும் நான் பிசகியதில்லை.

குறி என்றால் சேராங்கொட்டைப் பாலை ஊசி முனையில் தொட்டுத் துணியின் ஓரத்தில் வைப்பது. கீழ்க்கட்டுப் பையன் என்றால் ஒரு கோடு, மாடிக்கட்டு என்றால் இரண்டு கோடு. பக்கத்தில் அறைக்குத் தக்கபடி புள்ளி. ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தால் ஒருவனுக்குப் புள்ளியைக் கோட்டுக்கு மேலே வைப்பேன், இன்னொருவனுக்குக் கீழே. காய்ந்துவிட்டால் கருத்துப் போய்விடும். துணி நைந்து கந்தலானாலும் குறி போகாது. அந்தப் பால் கையில் பட்டால் புண்ணாகிவிடும். என் வலது கட்டை விரலில் இன்றைக்கும் ஒரு வடு இருக்கிறது.

அந்த எழுபது பேரில் ஒருவனுக்கு மட்டும் கோடும் புள்ளியும் வைக்கவில்லை. கோழிக்கால் வைத்தேன். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒரு விரல். அவன் ரங்கூனிலிருந்து படிக்க வந்தவன்.

ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்ல வேண்டும். வெள்ளாவியில் துணி அடுக்க ஓர் ஒழுங்கு உண்டு. பானைக்கு மேலே துணிகளை வட்டமாக அடுக்கி, கீழே தீ போட்டு, ஆவியில் வேக வைப்போம். எந்த வீட்டுத் துணிக்குப் பக்கத்தில் எந்த வீட்டுத் துணி இருக்கலாம், எது கூடாது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றி வைத்தது வெளியே தெரிந்தால் அந்தத் தெருவில் பிழைக்க முடியாது. அதனால் ஆஸ்டலுக்குப் புதிதாக ஒரு பையன் வந்தால், சமையல்காரரிடம் பேச்சுக் கொடுத்து அவன் என்ன ஊர், என்ன வகை என்று தெரிந்துகொள்வேன். ரங்கூன் பையனுக்கு அப்பா எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கப்பலேறிப் போய் அரிசி மில்லில் மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவர். அம்மா பர்மாக்காரி. இந்தத் துணியை எந்த அடுக்கில் வைப்பது? யாரைக் கேட்பது? தனியாக ஓரத்தில் வைத்தேன். ஆறு மாதத்தில் அதுவே கைப்பழக்கமாகிவிட்டது. அவன் துணியைத் தொட்டதும் கை தானாக ஓரத்துக்குப் போகும்.

அவன் அப்பாவின் சாயலில் இல்லை என்று எழுமலைச் சொந்தக்காரர்களே சொன்னார்களாம். லீவுக்குப் போனவனுக்குத் தனி இலை போட்டு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கூப்பிட்டார்கள் என்று அவனே ஒருநாள் சொன்னான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவில்லை.

மற்ற பையன்கள் அழுக்கு மூட்டையை ஆஸ்டல் படியில் தொப்பென்று போட்டுவிட்டு ஓர் அடி தள்ளி நிற்பார்கள். நான் குனிந்து எடுத்துக்கொள்வேன். அது வழக்கம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. ரங்கூன் பையன் வந்த முதல் நாள் மூட்டையை இரண்டு கையாலும் என் கையில் கொடுத்தான். "இந்தாங்கண்ணே" என்றான்.

சுற்றிலும் பார்த்தேன். மாடியில் நின்ற ஒருவன் கத்தினான்: "டேய் மாப்ள, நம்ம வண்ணானுக்குத் தம்பி கெடச்சுட்டான்டா, கப்பல்ல வந்து எறங்கியிருக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான், எதற்கென்று புரியாமல். வயதில் மூத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று என்னையே கேட்டான். என்னை அப்படிக் கூப்பிட வேண்டாம் சாமி என்று மெல்லச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் அண்ணே என்றுதான் கூப்பிட்டான். உள்ளே எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குறியையும் அவன் கவனித்துவிட்டான். எல்லாருக்கும் கோடும் புள்ளியும் இருக்க, தனக்கு மட்டும் ஏன் கோழிக்கால் என்று கேட்டான். அம்புட்டுத் தூரத்திலிருந்து வந்த துணி தொலைந்துவிடக் கூடாதென்று தனிக் குறி வைத்தேன் என்றேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. தனக்கும் கோடும் புள்ளியுமே வைத்துவிடும்படி இரண்டு மூன்று தடவை கேட்டான். ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே காலத்தைக் கடத்தினேன்.

அவனிடம் ஒரு பட்டு லுங்கி இருந்தது. மாம்பழ மஞ்சளில், அலை அலையாகப் பச்சையும் சிவப்பும் ஓடும். அதை என்னிடம் போட மாட்டான். குளிக்கிற இடத்தில் தானே அலசி, அறைக்குள்ளே கொடி கட்டிக் காயப் போடுவான். வெளுக்கிறவன் ஒருவன் இருக்கும்போது அவன் கசக்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பட்டை நான் கல்லில் அடிக்க மாட்டேன், வெள்ளாவியிலும் வைக்க மாட்டேன், பூந்திக்கொட்டை நுரையில் அலசி நிழலில் காய வைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கேட்டு வாங்கினேன். கொடுக்கும்போது, அது அம்மா நெய்தது என்றான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான். அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் பையன்கள் எங்கெங்கோ கொண்டுபோவார்கள்.

நான் லுங்கியை வெயிலுக்கு நேராகப் பிடித்து அவனுக்குக் காட்டினேன். தறியில் துணி சுருங்காமல் இருக்க இரண்டு ஓரத்திலும் ஊசிக் கொம்பு கொடுத்து இழுத்துக் கட்டுவார்கள். கொம்பை மாற்றி மாற்றிக் குத்துவதால் கரையோரத்தில் பொடிப் பொடியாகத் துளை விழும். மில் துணியில் அது இருக்காது. அவன் அம்மா துணியில் இரண்டு கரையிலும் அந்தத் துளை விரல் கணக்கு மாறாமல் நூல் பிடித்த மாதிரி ஓடிற்று.

"நேர்த்தியான கை சாமி ஒங்கம்மாவுக்கு" என்றேன்.

அவன் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றான். இத்தனை நாள் அந்தத் துளைகளைப் பார்த்ததே இல்லையாம்.

கடலோரத்தில் உப்புக் காய்ச்சிப் பலர் ஜெயிலுக்குப் போன வருஷம் அது. ஆஸ்டலில் பாதிப் பேர் கதருக்கு மாறிவிட்டார்கள். கதர் வெளுக்கிறவனுக்குச் சத்துரு. நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும், காயவும் காயாது. எங்கள் கழுதை அந்த வருஷம்தான் முதுகு வளைந்தது என்று என் வீட்டுக்காரி சொல்வாள். பையன்களுக்குத் தலைவன் மாதிரி ஒருவன் இருந்தான், கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பையன். நல்லவன். கெட்ட வார்த்தை பேச மாட்டான். ஜவுளிக் கடை மறியலுக்கு ஆஸ்டலிலிருந்து ஓர் ஊர்வலம் போக வேண்டும் என்றும், அதற்கு முதல் நாள் சாயங்காலம் வைகை மணலில் அந்நியத் துணிகளை எரிக்க வேண்டும் என்றும் அவன் ஏற்பாடு செய்தான். ஊர்வலத்துக்கு ஆள் பட்டியலும் போட்டான்.

ரங்கூன் பையன் தன் பெயரையும் பட்டியலில் போடும்படி கேட்டான். கொட்டாம்பட்டிப் பையன் பார்ப்போம் என்றான். மறுநாளும் கேட்டான், மறுநாளும் பார்ப்போம்தான். அந்தச் சமயம் பார்த்து, ரங்கூனில் துறைமுகத்தில் வேலை செய்த நம்மவர்களை அந்த ஊர்க்காரர்கள் வெட்டினார்கள் என்று சேதி வந்தது. ஆஸ்டலில் இரண்டு நாள் ஒருவரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஒருவன் நேரிலேயே கேட்டுவிட்டான்: "ஒங்க ஆளுக எங்க ஆளுகள வெட்டுறாங்க, நீ இங்க எங்க ஊர்வலத்துல வாரேங்குற. எந்தப் பக்கம்ப்பா நீ?"

"அங்க எங்கப்பா கடையப் பூட்டிட்டு ஒளிஞ்சிருக்காரு. அவரு யாரு ஆளு?" என்றான் இவன்.

அப்படியும் பட்டியலில் அவன் பெயர் ஏறவில்லை. அவன் கையிலிருந்த காசுக்கெல்லாம் கதர் வாங்கிவிட்டான். தைத்த சட்டை தோளில் தொளதொளவென்று கிடந்தது. அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பட்டியலில் ஒரு வரி.

துணி எரிப்பதில் ஒரு தகராறு வந்தது. எல்லாரும் ஆளுக்கு ஒரு பழைய துண்டையும் கிழிந்த பனியனையும் கொண்டுவந்து போட்டார்கள். நல்ல சீமைச் சட்டையெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. கைத்தறிதான், கைத்தறிதான் என்று சாதித்தார்கள். அப்போதுதான் கொட்டாம்பட்டிப் பையன் என்னைத் தேடி ஆற்றுத் துறைக்கே வந்தான். எது மில், எது கைத்தறி என்று தொட்டுச் சொல்ல இந்த ஆஸ்டலில் உன்னை விட்டால் ஆளில்லை, இந்த வாரத் துணியைப் பிரித்து, நம் நாட்டில் நெய்யாததைத் தனி மூட்டையாகக் கட்டிக் கொண்டு வா, நீ சொன்னால் சொன்னதுதான் என்றான்.

பி.ஏ. படிக்கிறவர்களுக்கு நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். என் தலை அன்றைக்கு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது.

மணலில் இரண்டு குவியலாகப் பிரித்தேன், கைத்தறி நடுவில், எரிக்க வேண்டியது ஓரத்தில். தொட்டால் போதும். சீமை மல் புதிதில் மொடமொடவென்று இருக்கும், இரண்டு வெளுப்பில் அந்தச் சீமைக் கஞ்சி போய் வெங்காயத் தோலாகிவிடும். கைத்தறி வெளுக்க வெளுக்கத்தான் உடம்போடு ஒட்டும். சரசரவென்று பிரித்துப் போட்டுக்கொண்டே போனேன். அந்த வாரத் துணியில் பட்டு லுங்கியும் இருந்தது. வாக்குக் கொடுத்தபடி தனியாக அலசி, நாணல் நிழலில் காய வைத்து, கரையோரத்தில் பொடிசாகக் கோழிக்காலும் வைத்திருந்தேன். அதை எடுத்தேன். கை தானாக ஓரத்துக் குவியலுக்குப் போயிற்று. வெள்ளாவியில் போகிற மாதிரியே.

என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "என்னய்யா, அதத் தூக்கி அங்க போடுற? வெளுக்கன்னுதான அந்தப் புள்ள குடுத்துச்சு?"

நான் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நம் நாட்டில் நெய்யாதது என்று சொல்லியிருக்கிறார்கள், இது கடலுக்கு அந்தப் பக்கம் நெய்தது, அப்படியென்றால் அந்தக் குவியல்தானே என்று அவளிடம் நியாயம் பேசினேன். தீர்ப்புச் சொல்கிறவன் ஆளைப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நீலம் கலக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் வெயில் இறங்கு முன்பே தீ மூட்டிவிட்டார்கள். மணலில் நல்ல கூட்டம். நான் மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, குறியைப் பார்த்து, மாடிக்கட்டு மூணாம் ரூமு, கீழ்க்கட்டு ஏழாம் ரூமு என்று சத்தமாகச் சொன்னேன். கொட்டாம்பட்டிப் பையன் வாங்கித் தீயில் போட்டான். கூட்டம் கைதட்டிற்று. ஒருவன் ஓடிவந்து தன் சட்டை கைத்தறிதான் என்று சத்தியம் பண்ணினான். நான் சட்டையைத் திருப்பிக் கரையைக் காட்டினேன். துளை இல்லை. ஊரே சிரித்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. அது நீதிபதி வீட்டுப் பையன்.

ரங்கூன் பையன் முன் வரிசையில் நின்றான். தன்னிடமிருந்த இரண்டு மில் சட்டைகளை அவன் என் மூட்டைக்குக் காத்திராமல் தானே முதலில் கொண்டுவந்து போட்டிருந்தான்.

அடுத்து என் கையில் வந்தது லுங்கி. குறியைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எல்லாருக்கும் தெரியும் அது யாருடையதென்று. கொட்டாம்பட்டிப் பையன் அதை வாங்கி விரித்தான். மஞ்சள் பட்டு தீ வெளிச்சத்தில் தளதளவென்று ஆடிற்று. அவன் யோசித்தான். பர்மா அந்நிய நாடா, நம் நாடா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்.

"அங்கயும் இதே சர்க்கார்தான, நம்ம நாடுதான்" என்றான் ஒருவன்.

"அப்ப லண்டனும் நம்ம ஊருதான், நாளைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமா?" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு அடங்கியதும் கொட்டாம்பட்டிப் பையன் என் பக்கம் திரும்பினான். "நாடு கெடக்கட்டும். இது கையா, மில்லா? கைத்தறின்னா அவன் எடுத்துக்கட்டும், நீ சொல்லு" என்றான்.

நல்லவன் என்று சொன்னேனே. அவன் ஒரு வாசல் திறந்து விட்டான்.

ரங்கூன் பையன் என்னைப் பார்த்தான். கவலையே இல்லாமல் பார்த்தான். இவருக்குத் தெரியும், சொல்லிவிடுவார் என்கிற பார்வை. துளையை வெயிலில் காட்டியவனே நான்தானே. ஆனால் கைத்தறி என்று சொன்னால், பிறகு ஏன் இதை இந்த மூட்டையில் கட்டினாய் என்று கேட்பார்களே. ஒன்றில் பிசகினவன் எல்லாவற்றிலும் பிசகியிருப்பான் என்று அந்த நீதிபதி வீட்டுப் பையன் பாய்வானே. எழுபது பேருக்கு முன்னால் என் கைக்கு இருந்த பெயர் போய்விடுமே. இவ்வளவும் ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் எனக்குள் ஓடிற்று.

"தெரியல சாமி" என்றேன். "பட்டு எனக்குப் பழக்கமில்ல."

அவன் முகத்தில் கோபம் வரும் என்று நினைத்தேன். அது வரவில்லை. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தான். பிறகு முன்னால் வந்து, கொட்டாம்பட்டிப் பையன் கையிலிருந்து லுங்கியை வாங்கிக்கொண்டான். எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் நான் நினைத்தேன். கடவுளே, போய்விடு என்று வேண்டிக்கொண்டேன்.

"மில்லுதான்" என்றான் சத்தமாக. "ரங்கூன் கடைவீதியில வாங்குனது." சொல்லிக்கொண்டே தீயில் போட்டான்.

அந்தக் கூட்டத்தில் அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவனும் நானும்.

பருத்தி மாதிரிப் பட்டு எரியாது. எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பொசுபொசுவென்று பிடிக்காமல், உயிருள்ளது மாதிரி நெளிந்து சுருண்டது. மயிர் கருகுகிற வாடை கிளம்பிற்று. சுடுகாட்டில் வருகிற அதே வாடை. கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். அவன் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அந்தப் புகையெல்லாம் அவன் மேல்தான் போயிற்று. பிறகு கொட்டாம்பட்டிப் பையன் வந்து அவன் தோளில் கை போட்டு, நாளைக்கு நீ கொடியோடு முன்னால் வா என்றான். அப்போது எழுந்த சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும். அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அவனும் சிரித்தான். முதல் நாள் படியில் புரியாமல் சிரித்தானே, அந்தச் சிரிப்பு இல்லை இது.

மறுநாள் விடிந்ததும் நான் அந்த இடத்துக்குப் போனேன். சாம்பலைக் கிளறினேன். பட்டு எரிந்த இடத்தில் கறுப்பு மணி மணியாகக் கட்டியிருந்தது, தொட்டால் பொடியாகிற மணி. அடியில் ஈர மணலை ஒட்டி ஒரு சாண் கரை எரியாமல் கிடந்தது. அதில் துளை வரிசை இருந்தது. கோழிக்கால் குறியும் இருந்தது. எடுத்து அலசினேன். எத்தனை தடவை அலசியும் வாடை போகவில்லை. என் வீட்டுக்காரி அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஊர்வலத்தில் அவனைப் பார்த்தேன். கொடியோடு முன்னால் போனான். குல்லாய் பெரிதாக, காதுவரை இறங்கியிருந்தது.

வெளுத்த துணியைத் திருப்பிக் கொடுக்கிற நாள் வந்தது. அவனுடைய சட்டை மடிப்புக்குள் அந்த ஒரு சாண் கரையை வைத்துக் கட்டினேன். தனியாக அகப்பட்டால், தெரிந்துதான் தெரியவில்லை என்று சொன்னேன் சாமி என்று காலில் விழுந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். அவன் தனியாக இல்லை. படியில் ஐந்தாறு பேரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு நடுவில் இடம். துணியை வாங்கிப் பிரித்தான். கரைத் துண்டு கீழே விழுந்தது.

"என்னடா மாப்ள அது?" என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான்.

அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கு அது தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அவன் கை பாதி வரை போயிற்று. பிறகு நிமிர்ந்துகொண்டான்.

"ஏதோ கந்தல்" என்றான். "வண்ணான் மூட்டையில கந்தல் வராம வேறென்ன வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் கால் விரலால் அந்தத் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டான். அறைக்குள் போய் அழுக்குத் துணியை எடுத்து வந்தான். நான் பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் படியில் தொப்பென்று போட்டான். போட்டுவிட்டு ஓர் அடி தள்ளி நின்றான்.

"ஏப்பா, இனிமே எனக்கும் இவங்களுக்கு வைக்கிற குறியவே வையி. மாடிக்கட்டு, நாலாம் ரூமு."

நீட்டின கை நீட்டினபடி நின்றேன். யாரோ, என்னப்பா செவிடா என்று கேட்ட பிறகுதான் குனிந்து மூட்டையை எடுத்தேன். கரைத் துண்டையும் எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

சேராங்கொட்டைக் கறையை அழிக்க ஒன்றும் கிடையாது. அதனால் அவன் பழைய துணிகளில் கோழிக்காலுக்குப் பக்கத்திலேயே இரண்டு கோடும் நாலு புள்ளியும் வைத்தேன். என் வலது கட்டை விரலில் இருக்கிற வடு அன்றைக்குக் கை பிசகிப் பால் கொட்டியதில் வந்தது.

வெள்ளாவி அடுக்கினோம். அவன் துணியை எடுத்ததும் என் கை வழக்கம்போல் ஓரத்துக்குப் போயிற்று. என் வீட்டுக்காரி அதை வெடுக்கென்று பிடுங்கி, மற்ற பையன்களின் துணிகளுக்கு நடுவில் வைத்து, மேலே இன்னும் நாலு சட்டையைப் போட்டு அமுக்கினாள்.

"பேசாம தீயப் போடு" என்றாள்.

நான் தீயைப் போட்டேன்.